வீட்டிலேயே குழந்தையின் பிறந்தநாள் தேநீர் விருந்து: மதுரைப் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

என் மகளுடைய ஐந்தாவது பிறந்தநாளை ஒரு சிறிய அரங்கில் கொண்டாடினோம். அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஒலிபெருக்கி வைத்திருந்தோம், மேடை போட்டிருந்தோம், மூன்று அடுக்குக் கேக்கும் இருந்தது. ஆனால் கேக் வெட்ட வேண்டிய நேரத்தில் அவள் என் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்று அழுதாள். வந்தவர்களில் பாதிப் பேரை அவளுக்குத் தெரியாது என்பதே அதற்குக் காரணம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அடுத்த ஆண்டு நரிமேட்டில் உள்ள எங்கள் வீட்டிலேயே, அவளே பெயர் சொன்ன பதினொரு குழந்தைகளை மட்டும் அழைத்து, மாலையில் ஒரு தேநீர் விருந்து வைத்தோம். வாசலில் நின்று ஒவ்வொருவரையும் "வாங்க, வாங்க" என்று அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்ததையும், தன் கையாலேயே பணியாரத் தட்டை ஏந்திப் பரிமாறியதையும் பார்த்தபோது, பிறந்தநாள் குழந்தையே விருந்தை நடத்தும்படி எல்லாவற்றையும் அமைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அதன்பின் நான்கு முறை இதே வகையில் நடத்தியிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து, மூன்று வாரம் முன்னதாகத் தொடங்கி மறுநாள் காலை வரை செய்ய வேண்டியவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான்கு வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளை மனத்தில் வைத்தே அளவுகளையும் எச்சரிக்கைகளையும் கொடுத்திருக்கிறேன்.

முதற்படி: நாளையும் நேரத்தையும் குறித்தல்

நம் வீடுகளில் ஒரு குழந்தைக்கு இரண்டு பிறந்தநாட்கள் வருகின்றன. தமிழ் மாதத்தில் அதன் நட்சத்திரம் வரும் நாள் ஒன்று, ஆங்கிலத் தேதி மற்றொன்று. இந்த இரண்டையும் ஒரே நாளில் திணிக்க முயல்வதால்தான் பல வீடுகளில் குழப்பம் ஏற்படுகிறது. நட்சத்திரப் பிறந்தநாளன்று காலையில் மீனாட்சியம்மன் கோவிலிலோ வீட்டருகே உள்ள கோவிலிலோ குழந்தையின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்துவிட்டு, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தப்பா குடும்பங்களுக்குச் சர்க்கரைப் பொங்கலோடு மதியச் சாப்பாடு போடுவதை உறவினர்களுக்கான கொண்டாட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். தேநீர் விருந்தைத் தேதிப் பிறந்தநாளை ஒட்டி வரும் சனிக்கிழமைக்கு ஒதுக்கி, அதைக் குழந்தையின் நண்பர்களுக்கு உரியதாக்குங்கள். "எங்களை ஏன் கூப்பிடவில்லை?" என்ற மனத்தாங்கல் இதனால் எழாது.

ஞாயிறு வேண்டாம், சனிக்கிழமை போதும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை இராகு காலம் மாலை 4.30 முதல் 6.00 வரை வருவதால், தேநீர் வேளை முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. நீங்கள் அதைப் பொருட்படுத்தாதவராக இருந்தாலும், வீட்டில் உள்ள பாட்டி பொருட்படுத்துவார். அவர் முகம் வாடினால் குழந்தையின் முகமும் வாடும். சனிக்கிழமை இராகு காலம் காலை 9.00 மணி முதல் 10.30 வரையும், எமகண்டம் பிற்பகல் 1.30 முதல் 3.00 வரையும் முடிந்துவிடுகின்றன. ஆகவே மாலை 4.00 மணி முதல் 6.00 மணி வரை யாருக்கும் தடை இல்லை. ஞாயிறுதான் வாய்க்கிறது என்றால், 3.00 மணிக்கே தொடங்கி, 4.15-க்குள் விளக்கேற்றிக் கேக்கையும் வெட்டிவிடுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். ஆறு வயதுக் குழந்தை இரண்டு மணி நேரம் உற்சாகமாக இருக்கும். மூன்றாவது மணி நேரத்தில் அடம் பிடிக்கத் தொடங்கும். சித்திரைத் திருவிழா நாட்களில், குறிப்பாக எதிர்சேவையும் கள்ளழகர் வைகையில் இறங்கும் சித்ரா பௌர்ணமியும் வரும்போது, தல்லாகுளம், தமுக்கம், கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது என்பதால் அந்த வாரத்தைத் தவிர்த்து, அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்வதே நல்லது.

இரண்டாம் படி: யாரை அழைப்பது

பெயர்ப் பட்டியலைக் குழந்தை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். பன்னிரண்டு குழந்தைகளுக்கு மேல் போகாமல் இருப்பது முக்கியம், ஏனெனில் ஒரு பெரியவர் நான்கு குழந்தைகளைத்தான் கவனமாகப் பார்த்துக்கொள்ள முடியும். வீட்டில் கைகொடுக்க மூன்று பெரியவர்களுக்கு மேல் கிடைப்பதும் அரிது. வகுப்பில் ஒரு சிலரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் அழைப்பது கூடாது. பாதிக்கும் குறைவானவர்களை அழையுங்கள். இல்லையேல் எல்லோரையும் அழையுங்கள். விடுபட்ட இரண்டு குழந்தைகள் திங்கட்கிழமை அந்த விருந்தைப் பற்றிக் கேட்க நேர்வது பெரிய வருத்தம். தெருவில் உடன் விளையாடும் குழந்தைகளையும், வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் பிள்ளைகளையும் உங்கள் குழந்தை நண்பர்களாகக் கருதினால், அவர்கள் பெயர்களும் அதே பட்டியலில், அதே மரியாதையோடு இடம்பெற வேண்டும்.

பத்து நாள் முன்னதாக ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாலும் அதற்குப் பிறகு ஒருமுறை பேசிவிடுவது நம் ஊர் வழக்கத்துக்குப் பொருந்தும். பேசும்போது மூன்று செய்திகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: நிலக்கடலை, முந்திரி, பால், முட்டை, கோதுமை இவற்றில் எது அந்தக் குழந்தைக்கு ஒவ்வாது, வீட்டில் முட்டை சேர்த்துக்கொள்வார்களா, குழந்தையோடு யார் வருகிறார்கள், தங்குவார்களா, விட்டுவிட்டுப் போவார்களா. ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரில் ஒருவரைத் தங்கச் சொல்லுங்கள். விருந்து முடியும் நேரத்தையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்வதை இங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மூன்றாம் படி: இடம்

கூடமே போதும். நாற்காலிகளையும் சோபாவையும் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, நடுவில் கோரைப்பாய்களை விரித்துப் பந்தி முறையில் இரண்டு வரிசையாக உட்காரவைத்தால், பன்னிரண்டு குழந்தைகளுக்கு 12 அடிக்கு 10 அடி இடம் தாராளம். மேசையில் தேநீர் சிந்தினால் மடியில் விழும். பாயில் சிந்தினால் துடைத்துவிடலாம்.

மொட்டை மாடியில் வைக்க விரும்பினால் கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குறைந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். பங்குனி முதல் ஆனி வரை மாடித் தரை மாலை 5.00 மணி வரை காலைச் சுடும் என்பதால், 3.30-க்கே தண்ணீர் தெளித்து ஆறவிட்டுப் பாய் விரிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மாலை மழையை நம்ப முடியாது. மாடியில் ஏற்பாடு செய்தாலும் கூடத்தைக் காலியாகவே வைத்திருங்கள். அந்த மாதங்களில் 6.00 மணிக்கே இருட்டிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்காம் படி: தேநீர், யாருக்கு எது

இந்த விருந்தின் பெயரே தேநீர் விருந்து என்பதால், இந்தப் பகுதியை விரிவாகவே எழுத விரும்புகிறேன். இங்கிலாந்தில் 1840-களில் மேல்தட்டு வீடுகளில் பழக்கமான பிற்பகல் தேநீர், மதியத்துக்கும் இரவுக்கும் இடைப்பட்ட பசியைத் தணிக்க எழுந்தது. நம் ஊரிலும் நான்கு மணிக்கு டீக்கடை வாசலில் கூட்டம் சேர்வதும், எண்ணெய்ச் சட்டியில் வடை மிதப்பதும் அதே பசிக்காகத்தான். ஆகவே இந்த விருந்துக்கு நாம் வெளியிலிருந்து எதையும் இரவல் வாங்க வேண்டியதில்லை.

ஆனால் குழந்தைகளுக்குத் தேநீர் கொடுக்கக் கூடாது. ஒரு கோப்பைத் தேநீரில் ஏறத்தாழ 30 முதல் 65 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கிறது. அது தூக்கத்தைக் கெடுக்கும். தேயிலையில் உள்ள டானின், உணவில் இருக்கும் இரும்புச் சத்தை உடல் ஏற்காதபடி தடுக்கிறது. இந்தக் காரணத்தால்தான், ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீரையும் காபியையும் தவிர்க்கச் சொல்கிறது. பெரியவர்களுக்கே இப்படி என்றால், வளரும் குழந்தைக்கு "ஒரு வாய்தானே" என்று கொடுப்பதில் நியாயமில்லை. எனவே பெரியவர்களுக்கு இஞ்சித் தேநீர், குழந்தைகளுக்கு அவர்களுக்கென்று ஒரு பானம் என்று இரண்டு அடுப்புகளில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கு நான் முதலிடம் தருவது பருத்திப்பாலுக்கு. மாலையில் மதுரைத் தெருக்களில் தள்ளுவண்டியில் வரும் அந்தச் சூடான பாலின் மணத்தை அறியாத குழந்தை இங்கே இருக்காது. வீட்டில் செய்வதும் எளிது. பன்னிரண்டு குழந்தைகளுக்கு ஆளுக்கு 100 மில்லி என்று கணக்கிட்டால், 250 கிராம் பருத்திக்கொட்டையை நன்றாகக் கழுவி முந்தின இரவே ஊறவைக்க வேண்டும். விதைப்புக்காக விற்கும் கொட்டையில் பூச்சிமருந்து பூசியிருப்பார்கள் என்பதால், உணவுக்கென்றே விற்கும் கொட்டையை மளிகைக் கடையிலோ நாட்டு மருந்துக் கடையிலோ கேட்டு வாங்குங்கள்; இதில் சிறிதும் அலட்சியம் கூடாது. ஊறியதை அரைத்து, மொத்தம் ஒன்றேகால் லிட்டர் தண்ணீரை மூன்று முறையாகப் பிரித்து விட்டு, மெல்லிய துணியில் பால் பிழிந்து வடிகட்டுங்கள். அதை அடுப்பில் வைத்து, இரண்டு மேசைக்கரண்டி பச்சரிசி மாவைக் கரைத்து ஊற்றி, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். பச்சை வாசனை போனதும், 200 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிச் சேர்த்து, அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடியும் ஏலக்காயும் போட்டு, இறக்கும்போது ஒரு கோப்பைத் தேங்காய்ப்பால் விடுங்கள். சுண்டுவிரலை வைத்தால் பொறுக்கும் சூட்டில்தான் குழந்தையின் கைக்குப் போக வேண்டும்.

வெயில் காலத்தில் சூடான பானத்தைக் குழந்தைகள் தொடமாட்டார்கள். அப்போது நன்னாரி சர்பத்தும் எலுமிச்சையும் கலந்து கொடுக்கலாம், அல்லது சிறிய கிண்ணங்களில் வீட்டு ஜிகர்தண்டா செய்யலாம். ஜிகர்தண்டாவுக்கு வேண்டிய பாதாம் பிசினை எட்டு முதல் பத்து மணி நேரம் நிறையத் தண்ணீரில் ஊறவிட்டு, முழுவதும் பூத்து, விரலால் நசுக்கினால் கட்டியே இல்லாமல் இருப்பதை உறுதி செய்த பிறகே பயன்படுத்துங்கள். பாதி ஊறிய பிசின் தொண்டையில் சிக்கும். சுண்டக் காய்ச்சிக் குளிரவைத்த பால், ஒரு கரண்டி நன்னாரிச் சாறு, பிசின், மேலே கொஞ்சம் ஐஸ்கிரீம் என்று 80 மில்லிக் கிண்ணத்தில் கொடுத்தால் அளவாக இருக்கும்.

பெரியவர்களுக்கான தேநீரில் எல்லோரும் செய்யும் ஒரு பிழை, பச்சை இஞ்சியைத் தட்டி நேரே பாலில் போடுவது. இஞ்சியில் உள்ள ஒரு நொதி பாலைத் திரித்துவிடும். கொதிக்கும் தண்ணீரில் இஞ்சியை முதலில் போட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். பன்னிரண்டு பேருக்கு 700 மில்லி தண்ணீரில் 20 கிராம் இஞ்சியும் ஐந்து ஏலக்காயும் தட்டிப் போட்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, 30 கிராம் தேயிலைத் தூளும் 90 கிராம் சீனியும் சேர்த்து இன்னும் இரண்டு நிமிடம் கொதித்ததும், தனியே காய்ச்சிய 900 மில்லிப் பாலை ஊற்றி ஒரு கொதி வந்தவுடன் இறக்கி வடிகட்டுங்கள். நீலகிரித் தேயிலையோ நம் பக்கத்து மேகமலைத் தேயிலையோ கிடைத்தால் மணம் தனியாகத் தெரியும். சீனி வேண்டாதவர்களுக்காக இனிப்பில்லாத தேநீரை ஒரு பிளாஸ்க்கில் எடுத்துவைக்க மறக்காதீர்கள்.

ஐந்தாம் படி: பலகாரம்

அதிகமான வகைகளை அடுக்குவதுதான் இங்கே வழக்கமாக நேரும் தவறு. ஒரு குழந்தை மொத்தம் நான்கைந்து சிறு துண்டுகளுக்கு மேல் சாப்பிடாது. அவற்றில் இரண்டு காரம், ஒரு இனிப்பு, கொஞ்சம் பழம், பிறகு கேக் என்றால் வயிறு நிறைந்துவிடும். கையால் எடுத்து இரண்டு வாயில் முடிக்கக்கூடியதாகவும், ஆறினாலும் சுவை குறையாததாகவும் இருக்கும் பலகாரத்தையே தேர்ந்தெடுங்கள்.

குழிப்பணியாரம் இதற்காகவே பிறந்தது போன்ற பலகாரம். ஒரு லிட்டர் மாவில் ஏறத்தாழ 40 பணியாரம் வரும். பாதி மாவில் வெல்லமும் ஏலக்காயும் தேங்காய்ப்பல்லும் கலந்து இனிப்பாகவும், மறுபாதியில் வெங்காயம், கறிவேப்பிலை, துளி இஞ்சி தாளித்துக் காரமாகவும் சுட்டால், ஒரே சட்டியில் இரண்டு வகை முடிந்துவிடும். சட்னிக்குக் காரம் குறைத்த தேங்காய்ச் சட்னி போதும். இதனுடன் வெள்ளரியும் துருவிய கேரட்டும் வைத்து, வெண்ணெயும் புதினாச் சட்னியும் தடவிய சிறு முக்கோண சாண்ட்விச்சுகளைச் செய்யுங்கள். ரொட்டியில் வெண்ணெய் முழுவதும் பரவியிருந்தால்தான் வெள்ளரியின் தண்ணீர் இறங்கி நொசநொசவென்று ஆகாது. மதுரை டீக்கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கும் பால்பன்னை வாங்கி நான்காக வெட்டி வைத்தால் குழந்தைகளைவிடப் பெரியவர்களே அதிகம் மகிழ்வார்கள். பஜ்ஜியும் வடையும் பெரியவர்களுக்கு மட்டும், அதுவும் ஒருவர் அடுப்பை விட்டு நகராமல் நின்று சுடுவதாக இருந்தால் மட்டும் வையுங்கள். எண்ணெய் காயும் நேரத்தில் அடுக்களைக் கதவு சாத்தியே இருக்கட்டும்.

இனிப்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை ஆளுக்கு 25 கிராம் என்று வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுங்கள். பழத்துக்குச் சிறுமலை வாழைப்பழமும், காலத்துக்கு ஏற்பக் கொய்யாவோ கம்பம் பன்னீர் திராட்சையோ நல்லது. இங்கே ஓர் எச்சரிக்கை: திராட்சையை முழுதாகக் கொடுப்பது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூச்சடைப்பை உண்டாக்கக்கூடியது. விதையை நீக்கி, நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். முழு நிலக்கடலை, முழு முந்திரி, பாப்கார்ன், கெட்டியான மிட்டாய் ஆகியவையும் அந்த வயதினருக்குக் கூடாது. உடன் வரும் தம்பி, தங்கை ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தையாக இருந்தால், தேன் கலந்த எதையும் வாயில் தடவக்கூட விடாதீர்கள். ஒவ்வாமை உள்ள குழந்தை வருவதாக இருந்தால், அதற்கு மட்டும் தனியாகச் செய்து ஒதுக்கி உட்காரவைப்பதைவிட, அந்தப் பொருளையே அன்றைய பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதுதான் அன்பு.

பாலும் தேங்காயும் சேர்ந்த பண்டங்கள் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. மதுரையில் ஆண்டின் பெரும்பாலான மாலைகளில் இந்த இரண்டாவது கணக்கே பொருந்தும். எனவே தேங்காய்ச் சட்னியையும் சாண்ட்விச்சையும் பரிமாறும் நேரத்தில்தான் வெளியே எடுக்க வேண்டும்.

ஆறாம் படி: கேக்

ஆளுக்கு 60 கிராம் என்று கணக்கிடுங்கள். இருபத்துநான்கு பேருக்கு ஒன்றரைக் கிலோ சரியாக இருக்கும். மூன்று நாள் முன்னதாகச் சொல்லிவையுங்கள். முட்டை இல்லாததாக வாங்கினால் யாரும் விலக மாட்டார்கள். ஒரு வைகாசி மாதத்தில், நான் காலையிலேயே கேக்கை வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டேன். மாலையில் பெட்டியைத் திறந்தபோது மேலே எழுதியிருந்த பெயர் வழிந்து ஒரு பக்கமாக இறங்கியிருந்தது, மகளின் உதடு துடித்ததை இன்றும் மறக்க முடியவில்லை. குளிர்பெட்டியில் இடம் இல்லையென்றால், விருந்து தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக மட்டுமே போய் எடுத்து வாருங்கள்.

விளக்கை ஊதி அணைப்பதை விரும்பாத வீடுகள் இங்கே நிறைய உண்டு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். குழந்தை பாட்டியோடு சேர்ந்து குத்துவிளக்கை ஏற்றிவிட்டு, பிறகு கேக்கை வெட்டும். பாட்டி ஆரத்தி எடுத்து நெற்றியில் பொட்டிடுவார். மெழுகுவத்தியை ஊதியே தீர வேண்டும் என்று குழந்தை ஆசைப்பட்டால், அதற்கென்று ஒரு சிறிய கப் கேக்கில் வத்தியை நட்டுக் கொடுங்கள். பெரிய கேக்கில் எச்சில் படாது. நுரை தெளிக்கும் ஸ்பிரேயை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். அது எளிதில் தீப்பற்றும் வாயுவோடு வருவது. எரியும் சுடரருகே அடித்தால் குழந்தையின் முடியும் உடையும் பற்றிக்கொள்ளும்.

ஏழாம் படி: பாத்திரமும் அலங்காரமும்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகள், தெர்மாகோல் தட்டுகள், உறிஞ்சுகுழல்கள், மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் ஆகியவை தடை செய்யப்பட்டிருக்கின்றன. தடை இல்லாவிட்டாலும் அவை நமக்கு வேண்டாம், ஏனென்றால் சிறிய எவர்சில்வர் டம்ளரும் டபராவும் குழந்தையின் கைக்கு உண்மையான விருந்தின் கனத்தைத் தருகின்றன. பக்கத்து வீட்டிலும் அத்தை வீட்டிலும் கேட்டால் இருபது டம்ளர் சேர்ந்துவிடும். எது யாருடையது என்பதற்கு அடியில் நூல் கட்டியோ எண் எழுதியோ அடையாளம் வையுங்கள். தட்டுக்குப் பாக்குமட்டைத் தட்டோ, நறுக்கிய வாழையிலையோ போதும்.

அலங்காரத்தை நீங்கள் தனியே செய்யாதீர்கள். முந்தின நாள் மாலை குழந்தையையும் உடன் உட்காரவைத்துச் செய்யுங்கள். வாசலில் மாவிலைத் தோரணம், சுவரில் குழந்தை வரைந்த படங்கள், மேசைமேல் பழைய சுங்குடிச் சேலை ஒன்றை மடித்து விரித்து, நடுவில் ஒரு கிண்ணத்தில் மதுரை மல்லி. இவற்றைவிட வேறு எதுவும் இந்த ஊருக்குப் பொருத்தமாக இருக்காது. பலூன் வைப்பதானால் வாயால் ஊதியவற்றை உயரத்தில் கட்டுங்கள். உடைந்த துண்டுகளை உடனுக்குடன் பொறுக்கிவிடுங்கள், சிறு குழந்தைகள் அவற்றை வாயில் போட்டுக்கொள்வார்கள். வாயு நிரப்பித் தெருவில் விற்கும் பலூனில் ஹைட்ரஜன் இருக்க வாய்ப்புண்டு என்பதால், விளக்கேற்றும் வீட்டில் அதற்கு இடம் தரக் கூடாது.

எட்டாம் படி: சொப்பு வைத்து விளையாடுதல்

சொப்புச் சாமானும் கூட்டாஞ்சோறும் நம் குழந்தைகள் காலம் காலமாக நடத்தி வரும் விருந்துகள்தாம். இரண்டு செட் மரச் சொப்போ மண் சொப்போ வாங்கிப் பாயின் ஒரு மூலையில் பரப்பிவையுங்கள். அம்மன் கோவிலைச் சுற்றியுள்ள கடைகளில் இவை கிடைக்கும். மதுரையை அடுத்த விளாச்சேரியில் மண்பொம்மை செய்வோரிடமும் கேட்டுப் பார்க்கலாம். சொப்புக் குடத்தில் குடிக்கும் நன்னாரித் தண்ணீரையே ஊற்றி, சொப்புத் தட்டில் பொரியும் பொட்டுக்கடலையும் வைத்தால், குழந்தைகள் தாங்களே சமைப்பவராகவும் பரிமாறுபவராகவும் விருந்தாளியாகவும் பிரிந்து அரைமணி நேரம் ஒருவரும் தேடாதபடி விளையாடுவார்கள். நான்கு வயதினர் இருந்தால் பொட்டுக்கடலையை விட்டுவிட்டுப் பொரி மட்டும் வையுங்கள்.

ஓடியாட வேண்டுமென்றால் பூப்பறிக்க வருகிறோம், கொலை கொலையா முந்திரிக்கா, கண்ணாமூச்சி ஆகியவை போதும். எட்டு வயதைத் தாண்டியவர்களுக்குப் பல்லாங்குழியும் தாயமும் பிடிக்கும். வென்றவருக்குப் பரிசு என்று வைக்காதீர்கள். ஆறு வயதில் தோற்ற வருத்தம் விருந்து முடியும் வரை தீராது.

ஒன்பதாம் படி: விருந்து நாள்

முந்தின இரவே பருத்திக்கொட்டை ஊறியிருக்க வேண்டும், பணியார மாவு அரைத்திருக்க வேண்டும். காலையில் வீட்டைத் துடைத்து, எட்டாத உயரத்துக்கு மருந்துகளையும் கத்திகளையும் ஏற்றிவையுங்கள். மதியம் குழந்தை ஒரு மணி நேரமாவது தூங்கட்டும். 2.30-க்குச் சட்னியும் பானமும் தயாராகட்டும், 3.00-க்குக் கேக் வந்து சேரட்டும், 3.15-க்குப் பணியாரச் சட்டி அடுப்பேறட்டும்.

4.00 மணிக்குக் குழந்தை வாசலில் நிற்க வேண்டும். வருகிற ஒவ்வொரு குழந்தையும் வாசல் கோலத்தில் ஒரு புள்ளிக்கு வண்ணப்பொடி நிரப்பிவிட்டு உள்ளே வரும்படி வைத்தால், முன்னால் வந்தவர்கள் பின்னால் வருபவர்களுக்காகச் சலிக்காமல் காத்திருப்பார்கள். 4.20 முதல் 4.50 வரை ஓடும் விளையாட்டு. பிறகு கை கழுவச் சொல்லிப் பந்தியில் உட்காரவையுங்கள். பலகாரத்தைப் பிறந்தநாள் குழந்தையே முதல் சுற்றுப் பரிமாறட்டும். சூடான பானத்தை மட்டும் பெரியவர் ஊற்ற வேண்டும். பரிமாறும்போது தட்டு சாய்ந்து நான்கு பணியாரம் உருண்டால் உருளட்டும், அதட்டாதீர்கள். 5.20-க்கு விளக்கும் கேக்கும், 5.35 முதல் சொப்பு விளையாட்டு. பெரியவர்களுக்குத் தேநீர் கொடுக்க அதுவே ஏற்ற நேரம், ஏனென்றால் குழந்தைகள் அப்போது ஓடமாட்டார்கள், கொதிக்கும் டம்ளரில் மோதமாட்டார்கள்.

பரிசுப் பொட்டலங்களை விருந்தினர் முன்னால் பிரிக்க வேண்டாம். சிறிய பரிசு கொண்டுவந்த குழந்தையும் பெரிய பரிசு கொண்டுவந்த குழந்தையும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பத்தாம் படி: வழியனுப்புதலும் மறுநாளும்

கிளம்பும்போது ஒரு சிறிய மஞ்சப்பையில் பம்பரமோ, மண் சொப்போ, ஒரு துளசிச் செடியோ வைத்துக் கொடுக்கலாம். கடலை ஒவ்வாமை யாருக்கும் இல்லையென்று தெரிந்தால் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் சேர்க்கலாம். பையைக் குழந்தையே கொடுத்து, "போயிட்டு வாங்க" என்று சொல்லட்டும். விட்டுவிட்டுப் போன குழந்தைகளை, சொல்லிவைத்த ஆளிடம் மட்டுமே ஒப்படையுங்கள். வேறொருவர் வந்து நின்றால், தெரிந்தவராக இருந்தாலும், பெற்றோரிடம் தொலைபேசியில் கேட்ட பிறகே அனுப்புங்கள்.

மிஞ்சிய பணியாரத்தை அன்று இரவே பக்கத்து வீடுகளுக்குப் பகிர்ந்துவிடுங்கள், சட்னியை வைத்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் காலையில் பரிசுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, யார் கொடுத்தது என்று எழுதி, குழந்தையின் கையாலேயே இரண்டு வரி நன்றி எழுதவையுங்கள். எழுதத் தெரியாத வயதென்றால் ஒரு படம் வரையட்டும், நீங்கள் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். இரவல் வாங்கிய டம்ளர்களைத் தேய்த்துக் கழுவி, அடையாள நூலை அவிழ்த்து, வெறும் பாத்திரமாகத் திருப்பாமல் ஒவ்வொரு அடுக்கின் மேல் டம்ளரிலும் கொஞ்சம் சீனியோ பால்கோவாவோ வைத்து, குழந்தையின் கையிலேயே கொடுத்து அத்தை வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் அனுப்பிவையுங்கள்.